கப்பமாகப் போனவன்

3 மார்ச் 1958, திங்கள்

இந்த நோட்டு அரசாங்கத்துடையது. முதல் பக்கத்தில் யாரோ காற்று வீசும் திசையை நாலு நாள் எழுதிவிட்டு அலுத்துப் போயிருக்கிறார்கள். மீதியை நான் எடுத்துக்கொண்டேன். கோட்டையில் இதைத் தேட ஆளில்லை. தேடினாலும் திருப்பிக் கொடுக்கிற உத்தேசம் எனக்கில்லை.

காலையில் கமாந்தான் கூப்பிட்டார். இந்தக் கோட்டைக்கும் சுற்றியுள்ள பாலைவனத்துக்கும் அவர்தான் அதிகாரி, பிரெஞ்சுக்காரர். வயிறு சரியில்லை, ஆனாலும் சிரித்த முகம். கடலோர மணலில் நுவாக்ஷோத் என்று புதுத் தலைநகரம் கட்டுகிறார்களாம். அங்கே எழுத்தராகவும் மொழிபெயர்ப்பாளராகவும் ஒருவர் வேண்டும், நோன்புப் பெருநாள் கழிந்து நீ புறப்படு என்றார். உத்தரவில் 'ஹபீப் வுல்த் பக்கார், ஷேக் பக்காரின் மகன், ஹஸ்ஸான் குலம்' என்று அழகாகத் தட்டச்சு செய்திருந்தது.

அப்படித்தான் என்னை இங்கே எல்லோரும் கூப்பிடுகிறார்கள். நான் ஹபீபும் இல்லை, பக்காரின் மகனும் இல்லை, ஹஸ்ஸானும் இல்லை. என் பெயர் இஸ்லிமு. ஹமாத்தின் மகன். ஸ்னாகா.

எப்போதாவது யாராவது படித்தால் விளங்கட்டும் என்று எழுதுகிறேன். எங்கள் நாட்டில் துப்பாக்கி வைத்திருப்பவன் ஹஸ்ஸான். கிதாபு வைத்திருப்பவன் ஓதுகிற குலம். இரண்டும் இல்லாதவன் ஸ்னாகா. நாங்கள் ஆடு மேய்ப்போம், கிணறு தோண்டுவோம், ஹஸ்ஸானுக்குக் கப்பம் கட்டுவோம். பதிலுக்கு ஹஸ்ஸான் எங்களைக் காப்பாற்றுவான். யாரிடமிருந்து என்றால், பெரும்பாலும் அவனுடைய அண்ணன் தம்பிகளிடமிருந்துதான்.

1941இல் பிரெஞ்சுக்காரர்கள் ஒரு சட்டம் போட்டார்கள். ஒவ்வொரு ஷேக்கும் ஒரு மகனைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்ப வேண்டும். நஸாராக்களின், அதாவது கிறிஸ்தவர்களின், பள்ளிக்கூடம் பிள்ளையைக் கெடுத்துவிடும் என்று ஷேக்குகள் தங்கள் பிள்ளைகளை ஒளித்துவைத்தார்கள். அதற்காகச் சட்டத்தை மீற முடியுமா? எங்கள் பிள்ளைகளைத் தங்கள் பிள்ளைகளின் பெயரில் அனுப்பிவைத்தார்கள். அதுவரை பாலும் வெண்ணெயும் கொடுத்துவந்த என் வாப்பா அந்த வருடம் என்னையும் சேர்த்துக் கொடுத்தார். எனக்கு எட்டு வயது. கெட்டுப்போவதற்காக அனுப்பப்பட்ட நான் பிரெஞ்சு பேசி, தேர்வு எழுதி, அரசாங்க வேலையில் உட்கார்ந்தேன். ஒளித்துவைக்கப்பட்ட பிள்ளைகள் இன்னமும் கூடாரத்தில்தான் இருக்கிறார்கள். இப்படியொரு தப்பை ஹஸ்ஸான்களால்தான் செய்ய முடியும்.

5 மார்ச்

காற்று. மைக்கூட்டில் மணல். கமாந்தானின் ஆடு என் செருப்பு வாரைத் தின்றுவிட்டது.

8 மார்ச், சனி

பக்கார் வந்தார். தலைப்பாகைத் துணியை வாய்க்கு மேல் இழுத்துவிட்டு எழுந்து நின்றேன். பெரியவர்கள் முன்னால் வாயை மூடுவது எங்கள் மரியாதை. ஹஸ்ஸான் முன்னால் ஸ்னாகா மூக்கையும் சேர்த்து மூட வேண்டும். பார்க்கிறவர்களுக்கு நான் அப்பாவுக்கு அடங்கிய மகனாகத் தெரிந்திருப்பேன்.

அவருக்குப் பின்னால் அசல் ஹபீப் நின்றான். என்னைவிட ஒரு வயது மூத்தவன். புது நீல அங்கி, ஒழுங்காக வெட்டிய தாடி. தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"தலைநகரத்துக்கு என் மவனைக் கூப்பிட்டிருக்காங்களாம்," என்றார் பக்கார்.

"ஆமா ஷேக். உத்தரவு வந்திருக்கு."

"நல்லது. என் மவன் போவான்." பின்னால் கை காட்டினார்.

எனக்குப் புரியச் சற்று நேரம் ஆனது.

"அங்க உன் மொகமும் யாருக்கும் தெரியாது, இவன் மொகமும் தெரியாது. காகிதத்துல பேரு இருக்கு, பேரு இவனோடது. நீ முகாமுக்குத் திரும்பி வா. உங்க வாப்பா மவுத்தானதுலேர்ந்து உங்க உம்மா தனியாத்தானே கெடக்கா."

"இவருக்கு எழுதப் படிக்கத் தெரியாதே ஷேக்."

"எழுதுறதுக்கு ஒரு ஆள வச்சுக்குவான். ஷேக்கு வீட்டுப் புள்ள என்னைக்கு எழுதியிருக்கான்? கையெழுத்து போடத் தெரிஞ்சா போதும். அத நீ சொல்லிக்குடு."

"வேலைக்குப் பள்ளிக்கூடத்துச் சான்றிதழும் வேணும். அது என்கிட்ட இல்ல. கமாந்தானோட பெட்டியில இருக்கு."

"பெருநாளைக்கு அவரைப் பாக்க வருவேன். நானே கேட்டு வாங்கிக்கிறேன். நீ பக்கத்துல நின்னு நான் சொல்றத அவரு பாஷையில சொன்னாப் போதும்." என் முகத்தைப் பார்த்தார். "இந்தப் பேரை உனக்குக் குடுத்தது யாரு? நான். குடுத்தவன் கேக்குறேன்."

"யோசிச்சுச் சொல்றேன் ஷேக்."

ஸ்னாகா யோசிப்பான் என்று அவர் அதுவரை கேள்விப்பட்டதில்லை போலிருக்கிறது. எழுந்து போனார்.

9 மார்ச்

முடியாது. முடியாது. முடியாது. இதை நேற்றே சொல்லியிருக்க வேண்டும்.

12 மார்ச், புதன்

ஹபீப் பிற்பகல் அஸர் தொழுகைக்குப் பிறகு தனியாக வந்தான். போய்விடு என்று சொல்லத்தான் நினைத்தேன். ஆனால் அவனால் இது முடியாது என்று அவனுக்கே காட்டிவிடுவது நல்லது என்று பட்டதால் உட்காரச் சொன்னேன். வேறு காரணம் ஒன்றுமில்லை.

கோட்டைச் சுவரின் நிழலில் மணலைத் தட்டிச் சமப்படுத்தி, விரலால் என் கையெழுத்தைப் போட்டுக் காட்டினேன். என் கையெழுத்து என்றா எழுதினேன்? அவனுடையது. பன்னிரண்டு வயதில் நானே உண்டாக்கியது. முதல் எழுத்தின் காலைப் பெரிதாகச் சுழித்து, கடைசியில் ஒரு வால் இழுப்பேன். அரசாங்கத்தின் எல்லாக் காகிதத்திலும் அந்த வால் இருக்கிறது. ஹபீப் வுல்த் பக்கார் தன் சொந்தப் பெயரை எழுத வேண்டுமானால், ஒரு ஸ்னாகாவின் கையைப் பார்த்துக் காப்பியடிக்க வேண்டும்.

இதை எழுதும்போது எனக்குச் சிரிப்பு வருகிறது. அங்கே உட்கார்ந்திருந்தபோது வரவில்லை. துப்பாக்கி பிடித்த அந்த விரல், மணலில் நேர்கோடு இழுக்க முடியாமல் நடுங்கியது.

17 மார்ச், திங்கள்

ஆறு நாளில் ஒரு நாள்கூடத் தவறவில்லை. இன்று தாளில் எழுதவைத்தேன். சுழி வந்துவிட்டது, வால் வரவில்லை.

வந்ததும் அவனே அடுப்பு மூட்டித் தேநீர் போட்டான். எங்கள் வழக்கப்படி கூட்டத்தில் சின்னவன்தான் தேநீர் போடுவான். ஹஸ்ஸானும் ஸ்னாகாவும் சேர்ந்து உட்கார்ந்தால் அது யார் வேலை என்று யாரும் கேட்பதே இல்லை. ஆளுக்கு மூன்று கோப்பையும் அவனே ஊற்றினான், முதல் கோப்பையை எனக்கு நீட்டினான். வாங்கிக் குடித்தேன். சர்க்கரை கொஞ்சம் கூடுதல்.

"உன்னைக் கூட்டிட்டுப் போன அன்னைக்கு நான் எங்க இருந்தேன் தெரியுமா?" என்று கேட்டான். "எங்க உம்மாவோட ஒட்டகப் பல்லக்குக்குள்ள. மேல ஆறு கம்பளம். மூச்சு முட்டுச்சு. ஓட்டை வழியாப் பாத்தேன். சிப்பாய் உன்னைத் தூக்கி ஒட்டகத்துல வச்சான். அவ்வளவு பெரிய ஒட்டகத்துல நான் அதுக்கு முன்னால ஏறினதே இல்ல. எனக்குப் பொறாமையா இருந்துச்சு."

"நான் அழுதுட்டிருந்தேன்."

"அதையும் பாத்தேன்," என்றான்.

நாளைக்கு வராதே என்று சொல்ல நினைத்தேன். வால் எப்படி இழுப்பது என்று இன்னொரு முறை காட்டினேன்.

22 மார்ச்

முதல் நோன்பு. தாகம். கமாந்தான் என் எதிரில் தண்ணீர் குடிக்காமல் முதுகைத் திருப்பிக்கொண்டு குடிக்கிறார். நல்ல மனிதர்தான்.

30 மார்ச், ஞாயிறு

லீவு கேட்டு முகாமுக்குப் போனேன். ஒட்டகத்தில் ஒன்றரை நாள். போய் நாலு வருடம் ஆகிறது. வேலை அதிகம்.

உம்மா கிணற்றடியில் நின்றாள். ஸல்கா என்றால் முகாமில் எல்லோருக்கும் தெரியும், குரல் அப்படி. இன்று குரல் இல்லை. வெயிலில் பதினோரு ஆடுகளோடு காத்துக்கொண்டிருந்தாள். பக்காரின் ஒட்டகங்கள் முதலில், அவர் சொந்தக்காரர்களுடையவை பிறகு, அதன்பின் மற்ற ஸ்னாகாக்களின் ஆடுகள். எல்லாவற்றுக்கும் கடைசியில் உம்மா. மூன்று வாரமாக இப்படித்தானாம். கடைசி வாளியில் சேறுதான் வந்தது. அந்தக் கிணற்றை வாப்பா தோண்டினார். தோண்டும்போது அவர் தோளில் விழுந்த கல்லின் தழும்பை நான் பார்த்திருக்கிறேன்.

நோன்பு திறந்த பிறகு எல்லாவற்றையும் சொன்னேன். காகிதம், கையெழுத்து, தலைநகரம். கடைசியில் கேட்கக் கூடாததையும் கேட்டுவிட்டேன்.

"வாப்பா என்னை ஏன் குடுத்தாரு உம்மா? வெண்ணெய் குறைஞ்சு போச்சா அந்த வருஷம்?"

உம்மா பேரீச்சங்கொட்டையைத் துப்பினாள். "உங்க வாப்பா குடுக்கல. நாந்தான் குடுத்தேன்."

கையிலிருந்த பேரீச்சம்பழத்தைத் தட்டில் திருப்பி வைத்தேன்.

"பக்காரு பொண்டாட்டிகிட்ட நானேதான் போனேன். உம் புள்ளைய ஒளிச்சு வச்சுக்க, எம் புள்ளைய அனுப்புன்னு சொன்னேன். உங்க வாப்பா ஒரு மாசம் எங்கிட்டப் பேசல. பக்காரு கேட்டுத்தான் குடுத்தோம்னு ஊரெல்லாம் சொன்னது அவருதான். எம் பேரு கெடக் கூடாதுன்னு."

"ஏன் உம்மா?"

"அந்தப் பள்ளிக்கூடத்துல ரெண்டு வேளை சோறுன்னு கேள்விப்பட்டேன். பஞ்ச வருஷம். உன் அக்காமாரு ரெண்டு பேரும் அதுல போயிட்டாங்க, உனக்கு ஞாபகம் இருக்காது. மிச்சம் நீ ஒருத்தன்."

"பேரையும் சேத்துக் குடுத்துட்டியே."

"உன்னைத்தான் குடுத்தேன். பேரைக் குடுக்கல. பேரு எங்கிட்டதான் இருக்கு. அஞ்சு வேளையும் அதைச் சொல்லித்தான் துஆ கேக்குறேன்."

உம்மா மீது எனக்குக் கோபம் இல்லை. ஏன் கோபப்பட வேண்டும்? சேணத்தின் வார் தளர்ந்திருக்கிறது, காலையில் தைக்க வேண்டும்.

31 மார்ச்

புறப்படும்போது கேட்டேன், நான் மறுத்துவிட்டால் ஆடுகளை என்ன செய்வாய் என்று.

"ஆடு என் தலைவலி," என்றாள். "உன் தலைவலியை நீ பாரு."

வார் தைக்க மறந்துவிட்டேன். வழியில் இரண்டு முறை சேணம் சரிந்தது.

6 ஏப்ரல்

ஹபீபுக்கு வால் வந்துவிட்டது. இரண்டு தாளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். எது என்னுடையது என்று எனக்கே தெரியவில்லை. நல்ல மாணவன். அவனைப் பத்து வயதில் என்னோடு உட்காரவைத்திருந்தால் எனக்கு முதலிடம் கிடைத்திருக்காது.

21 ஏப்ரல், திங்கள்

பெருநாள். தொழுதேன், சாப்பிட்டேன். இன்னும் எதுவும் முடிவு செய்யவில்லை. என் பெட்டியைக் காலிசெய்து சாமான்களை மூட்டையாகக் கட்டி வைத்திருக்கிறேன். எங்கே போனாலும் மூட்டை வேண்டும்தானே.

24 ஏப்ரல், வியாழன்

நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

கமாந்தானின் அறையில் மூன்று நாற்காலி. கமாந்தான், பக்கார், ஹபீப் உட்கார்ந்தார்கள். ஹபீபைத் தன் இளைய மகன் என்று பக்கார் சொன்னார். நான் வாயை மூடிய துணியோடு பக்கத்தில் நின்றேன். காலையில் ஒன்றும் சாப்பிடவில்லை.

பக்கார் பேசினார், நான் பிரெஞ்சில் சொன்னேன். "என் மகன் ஹபீபை உங்களிடம் கொடுத்தேன். நீங்கள் அவனை மனிதனாக்கினீர்கள். இப்போது அவன் தலைநகரம் போகிறான். அவனுடைய சான்றிதழை என் கையால் அவனுக்குக் கொடுத்து வழியனுப்புவது எங்கள் குலத்துக்குப் பெருமை." ஒரு சொல் கூட்டவில்லை, ஒரு சொல் குறைக்கவில்லை.

கமாந்தானுக்கு மனம் இளகிவிட்டது. பெட்டியைத் திறந்து சான்றிதழை எடுத்து மேசைமேல் வைத்தார். பக்கார் கையை நீட்டினார்.

நான் துணியை வாயிலிருந்து கீழே இறக்கினேன்.

"இதுவரை ஷேக் பேசியது," என்று பிரெஞ்சில் சொன்னேன். "இனி நான் பேசுகிறேன். நான் ஹபீப் இல்லை. என் பெயர் இஸ்லிமு, ஹமாத்தின் மகன். ஹபீப் அந்த நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறார். பதினேழு வருடத்துக்கு முன்பு அவருக்குப் பதிலாக என்னை அனுப்பினார்கள். இப்போது எனக்குப் பதிலாக அவரை அனுப்பப் பார்க்கிறார்கள்."

பிறகு இதையே எங்கள் பாஷையில் பக்காருக்குச் சொன்னேன். இரண்டு பக்கமும் சொல்வதுதானே மொழிபெயர்ப்பாளனின் வேலை.

பக்காரின் கழுத்து நரம்பு புடைத்தது. "ஒரு ஸ்னாகா பேச்சைக் கேட்டு ஹஸ்ஸானைச் சந்தேகப்படுவாரா இவரு? கேளு அவரை."

கேட்டேன். அப்படியே கேட்டேன்.

கமாந்தான் பேனாவைக் கீழே வைத்தார். "யார் ஸ்னாகா? உங்கள் மகனா?"

அதையும் மொழிபெயர்த்தேன். என் வாழ்க்கையில் இவ்வளவு ஆசையாக ஒரு வாக்கியத்தை நான் மொழிபெயர்த்ததில்லை.

ஆனால் பக்கார் லேசான ஆள் இல்லை. இரண்டு மூச்சு விட்டுச் சமாளித்தார். இவன் திருடன், என் மகனின் பெயரைத் திருடி இத்தனை நாள் எல்லோரையும் ஏமாற்றினான், மானத்துக்குப் பயந்து நான் மூடி மறைத்தேன் என்றார். "காகிதத்துல இருக்கிற கையெழுத்தை என் மவன் இப்பவே போடுவான். பாருங்க."

என் கழுத்துக்கு நானே போட்ட கயிறு அது. அந்த மேசையில் அந்தப் பேனாவால் ஹபீப் கையெழுத்துப் போட்டான். சுழி, வால், எல்லாம். கமாந்தான் சான்றிதழின் பக்கத்தில் வைத்துப் பார்த்தார், ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். கைதிகளுக்குத் தண்டனை வாசிக்கும்போது பார்க்கிற பார்வை, அந்த அறையில் பலமுறை பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறேன்.

பக்கார் சிரித்தார். ஹபீப் பேனாவை மூடி மேசைமேல் வைத்தான்.

"எனக்கு இது ஒண்ணுதான் எழுதத் தெரியும்," என்றான். "வேற ஒரு எழுத்து எழுதச் சொன்னாலும் தெரியாது. இதையும் ஒரு மாசமா என் உஸ்தாத் சொல்லிக்குடுத்தாரு." என் பக்கம் கை காட்டினான்.

'ஆசிரியர்' என்று மொழிபெயர்த்தேன். கமாந்தானுக்குக் கேட்கவில்லை, மறுபடியும் சொல்ல வேண்டியிருந்தது.

கமாந்தான் வெகுநேரம் வயிற்றைத் தடவிக்கொண்டிருந்தார். பிறகு சான்றிதழின் குறுக்கே ஒரு கோடு போட்டார். "ஹபீப் தேர்வு எழுதவில்லை. தேர்வு எழுதியவன் ஹபீப் இல்லை. ஆகவே யாரும் தேறவில்லை. உன் வேலையும் இன்றோடு முடிந்தது." என்னைப் பார்த்து, "ஜூனில் தேர்வு நடக்கிறது. பன்னிரண்டு வயதுப் பிள்ளைகளோடு உட்காருவாயா?" என்றார்.

"உட்காருவேன்."

வாசலில் பக்கார் என்னை நிறுத்தினார். "இனி என் கிணத்துல உங்க ஆடு வாய் வைக்காது."

"அது எங்க வாப்பா தோண்டின கிணறு," என்றேன். "அவருக்கு இன்னொண்ணு தோண்டத் தெரிஞ்சிருந்துச்சு. எனக்கும் தெரியும்."

தெரியாது. ஆனால் சொல்லிவிட்டேன்.

2 மே, வெள்ளி

உம்மா வந்துவிட்டாள். நான் ஆள் அனுப்பவில்லை. பக்கார் விரட்டுவதற்கு முந்தின நாளே கூடாரத்தைப் பிரித்துக் கழுதைமேல் கட்டிவிட்டாளாம். கூடவே இன்னும் இரண்டு ஸ்னாகா குடும்பங்கள். கோட்டைக்கு வெளியே மூன்று கூடாரம். ஆடு பதினொன்றும் பத்திரம்.

19 மே

கூடாரத்தில் உட்கார்ந்து படிக்கிறேன். இலக்கணம் போகட்டும், கணக்கு மறந்துவிட்டது. இரண்டு ஊர்களிலிருந்து இரண்டு ரயில்கள் எதிரெதிரே புறப்படுகின்றன, எங்கே சந்திக்கும்? இந்த நாட்டில் ரயிலை எவன் பார்த்தான்? உம்மா கேட்டுவிட்டு, "ஒண்ணு ஒதுங்கி நிக்கச் சொல்லு," என்றாள்.

4 ஜூன்

ஹபீப் வந்தான். பக்கார் அவனோடு பேசுவதில்லையாம். மீதி எழுத்துகளையும் சொல்லிக்கொடு என்றான். முதலெழுத்திலிருந்து தொடங்கினோம். தேநீர் உம்மா போட்டாள், இரண்டு பேரையும் திட்டிக்கொண்டே.

16 ஜூன், திங்கள்

தேர்வு. பள்ளிக்கூடத்தின் ஒரே அறையில் முப்பத்தொரு பிள்ளைகளும் நானும். பெஞ்சு முழங்காலுக்குக் கீழே இருந்தது. பக்கத்துப் பையன் நான் கண்காணிப்பாளர் என்று நினைத்து எழுந்து நின்றான். உட்காரச் சொன்னேன். பின்னால் இரண்டு பேர் சிரித்தார்கள். சிரிக்கட்டும் என்று பென்சிலைச் சீவினேன்.

உம்மா வெளியே ஜன்னலுக்குக் கீழே சுவரோரம் உட்கார்ந்திருந்தாள். வேண்டாம், வெயில் என்று சொன்னேன். நீ உன் வேலையைப் பாரு என்றாள்.

கண்காணிப்பாளர் செனகலிலிருந்து வந்திருந்தார். கண்டிப்பானவர், எங்கள் பாஷை ஒரு சொல்லும் தெரியாது. பட்டியலை எடுத்துப் பெயர்களை வாசித்தார். ஒவ்வொரு பிள்ளையாக எழுந்து, இருக்கிறேன் என்று சொல்லி உட்கார்ந்தது.

"இஸ்லிமு வுல்த் ஹமாத்."

யாரும் எழவில்லை. யார் இந்தப் பையன், இவ்வளவு பெரிய தேர்வுக்கு வராமல் போய்விட்டானே என்று நானும் கதவுப் பக்கம் திரும்பிப் பார்த்தேன்.

"இஸ்லிமு வுல்த் ஹமாத்."

அவர் பேனாவை எடுத்து அந்தப் பெயரை அடிக்கப் போனார்.

"இருக்கான்," என்று ஜன்னலுக்கு வெளியிலிருந்து உம்மாவின் குரல் கேட்டது. முகாம் முழுக்கக் கேட்கிற அந்தப் பழைய குரல். "உள்ளதான் உக்காந்திருக்கான். எம் மவன்."

கண்காணிப்பாளர் பேனாவோடு நிமிர்ந்தார். "அந்த அம்மா என்ன சொல்கிறாள்?"

பிள்ளைகள் ஜன்னல் பக்கம் எட்டிப் பார்த்தார்கள். நான் எழுந்து நின்றேன். உம்மா சொன்னதைச் சொன்னபடி, ஒரு சொல் கூட்டாமல் குறைக்காமல் மொழிபெயர்த்தேன்.